பெட்டிக்குள் போன ஓம்

வின்னிபெக்
6 யூலை 2025

அன்புள்ள ரட்ணண்ணைக்கு,

நாங்கள் நாலு பேரும் ஒரு வில்லும் சுகம். உங்கள் தொண்டையின் சுகத்தைத் தொண்டையிடம் கேட்காமல் கையிடம் கேட்டு எழுதவும்.

போன் அடித்தால் உங்கள் மகள் நிலாணிதான் எடுக்கிறாள். "அப்பா கதைக்கமாட்டார் அங்கிள். கழுத்திலை ஒப்பரேசன் செய்தவையெல்லோ, றெஸ்ற்" என்கிறாள். சரி, எழுத்தில் அனுப்பலாம் என்று போனில் தமிழ் தட்டிப் பார்த்தேன். "அன்பு அண்ணை" என்று தட்ட "அம்பு அண்ணை" என்று வந்து நிற்கிறது. என்னுடைய விரலுக்கு அந்தக் குட்டி எழுத்துகள் சரிவராது. ஆகவே கடதாசியில் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட கை. பிழை கண்டால் சிரியுங்கள். சத்தம் போடாமல் சிரியுங்கள், தையல் விட்டுவிடும்.

ஸ்காபரோவில் இருந்து இங்கே வந்து சேர்ந்த கதையைக் கேட்டால் அழுவீர்கள். வில்லின் ஒரு நுனி வான் ஓட்டும் றொய்சனின் காதடியில், மற்ற நுனி பின் கண்ணாடியில். நடுவில் நான். சடுதியாகப் பிரேக் போட்டால் அம்பாகப் போகிறது நான்தான். பெற்றோல் அடிக்க நின்ற இடத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வில்லைப் பார்த்து, மான் வேட்டைக்கோ என்று கேட்டார். எங்கள் பாட்டுக்காரி சிவானி பொறுமையாக விளங்கப்படுத்தினாள். வில்லை அடித்துப் பாட்டும் பகிடியுமாகக் கதை சொல்வோம் என்றாள். எல்லாம் கேட்டுவிட்டு மனிசன், "அப்ப இதாலை எதைத்தான் விழுத்துறது?" என்றாராம். "சனத்தை எண்டு சொல்லு பிள்ளை" என்றேன். சொல்லமாட்டேன் என்றுவிட்டாள்.

இனி விசயத்துக்கு வாறேன். உங்கள் இடத்தில் யார் ஓம் போடுவது என்று வழி முழுக்கச் சண்டை. மற்ற வில்லுப்பாட்டுக்காரர் எல்லாம் கதை சொல்கிறவனுக்கு "ஆமா" போடுவார்கள். எங்கடை வாய்க்கு ஆமா ஒட்டாது என்று தொடக்கத்திலேயே நீங்கள் "ஓம்" போட்டீர்கள். பதினெட்டு வருசமாக அதுதான் எங்கள் கோஷ்டியின் முத்திரை. றொய்சன் ஓம் போட்டால் பஸ் கொண்டக்டர் மாதிரி இருக்கிறது. சிவானி போட்டால் பெண் பார்க்க வந்த இடத்தில் சம்மதம் சொன்ன மாதிரி இருக்கிறது. கடைசியில் கீபோட் வாசிக்கிற கீதன் ஒரு வேலை பார்த்தான். பழைய நிகழ்ச்சிப் பதிவில் இருந்து உங்கள் ஓமை வெட்டி எடுத்துக் கீபோட்டின் கடைசிக் கறுப்புக் கட்டையில் ஏற்றிவிட்டான். நான் வசனம் சொல்ல, அவன் கட்டையை அமத்த, நீங்கள் அஜின்கோர்ட்டில் படுத்திருந்தபடியே வின்னிபெக்கில் ஓம் போட்டீர்கள்!

நேற்று நிகழ்ச்சி கோயில் மண்டபத்தில். கீதன் கட்டைக்கு எதிரொலியும் கூட்டி வைத்திருக்கிறான். நான் வழக்கம்போலச் சீனி வருத்தக் கதையைத் தொடங்கினேன்.

"நான் எல்லாத்தையும் விட்டவன்."

"ஓஓஓம்ம்ம்."

முன் வரிசையில் இருந்த அம்மாமார் அத்தனை பேரும் கை கூப்பி, "நமசிவாய" என்றார்கள்.

"சீனியை விட்டன்."

"ஓஓஓம்ம்ம்."

"நமசிவாய."

சோத்தை விட, புட்டை விட, எல்லாவற்றுக்கும் நமசிவாய. என்னுடைய சீனி வருத்தம் திருவிழாவாகிவிட்டது. கடைசியில் ஒரு அம்மா வந்து எனக்குத் திருநீறு பூசிவிட்டுப் போனா.

உங்களை நினைக்க மணம் நிறைகிறது அண்ணை. அடுத்த கிழமை றெஜைனா. அங்கே எங்களைக் கூப்பிட்ட ஸ்ரீஸ்கந்தராசா வீட்டு விலாசம் பின்பக்கம் உண்டு. அதற்கு எழுதவும்.

உங்கள் இடது பக்கம் இருக்கிற
சிவபாதம்


அஜின்கோர்ட்
9 யூலை 2025

தம்பி சிவபாதத்துக்கு,

உமது கடிதம் கிடைத்தது. நீர் சொன்னபடி சத்தமின்றிச் சிரித்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்த நிலாணி, நான் அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு ஓடி வந்தாள். கடிதத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். எனக்கும் சேர்த்துச் சிரித்தாள் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரு திருத்தம். "மணம் நிறைகிறது" என்று எழுதியிருக்கிறீர். மணம் நிறைவது குசினியில். உமக்கு நிறைந்தது மனம். இரண்டு சுழி போதும்.

இங்கே ஸ்டெபனி என்ற பெண் எனக்குப் பேச்சுப் பயிற்சி தருகிறார். நல்ல பிள்ளை. நீங்கள் அதிகம் சொல்லும் சொல் எது, அதிலிருந்து தொடங்குவோம் என்றார். ஆங்கில எழுத்தில் "ஓம்" என்று எழுதிக் காட்டினேன். கண்களை விரித்துப் பார்த்தார். அடுத்த முறை போனபோது நிலத்தில் யோகாப் பாய் விரித்து, மெழுகுதிரியும் ஏற்றி வைத்திருந்தார். அது "யேஸ்" என்று பொருள்படும் சாதாரணச் சொல் என்று எழுதி விளக்க முழு நேரமும் போய்விட்டது. அவருடைய முகம் வாடியதைப் பார்க்க, துறவியாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கீதனின் கெட்டித்தனத்தைப் பாராட்டுகிறேன். எந்த நிகழ்ச்சியில் பதிந்த ஓம் அது? அறிய வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. சும்மா கேட்டேன்.

சாப்பாட்டில் கவனமாக இரும். மேடையில் விட்ட சீனியை விருந்தில் பிடிக்க வேண்டாம்.

இராஜரட்ணம்


றெஜைனா
13 யூலை 2025

அன்புள்ள ரட்ணண்ணைக்கு,

மனம். மனம். மனம். போதுமோ? வாத்தியாரிடம் தப்பி ஓடிக் கனடா வந்தவனுக்குத் தபாலில் வாத்தியார்!

நீங்கள் கேட்ட ஓம், முந்தின தீபாவளிக்கு ஸ்காபரோ பள்ளிக்கூட மண்டபத்தில் போட்டது. அன்றைக்கு உங்கள் குரல் வெண்கலம் மாதிரி இருந்தது. அதனால்தான் கீதன் அதை எடுத்தானாம்.

இப்போது றெஜைனாக் கூத்தைக் கேளுங்கள். இங்கே எங்கள் சனம் குறைவு. ஊரில் உள்ள தமிழர் எல்லாரும் வந்தும் பின் கதிரைகள் வெறுமை. சங்கத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசா நல்ல மனிசன், ஆனால் மைக்கைக் கண்டால் விடமாட்டார். எங்களை மேடையில் இருத்திவிட்டுத் தலைமை உரை தொடங்கினார். கீதனுக்குக் களைப்பு. கடைசிக் கறுப்புக் கட்டைக்குக் கிட்ட முழங்கையை ஊன்றிக் கண்ணயர்ந்து ஆடத் தொடங்கிவிட்டான்.

"மண்டபம் சின்னன் எண்டு சிலபேர் குறை சொல்லினம்" என்றார் தலைவர்.

"ஓஓஓம்ம்ம்" என்றீர்கள் நீங்கள்.

சனம் திரும்பிப் பார்த்தது. தலைவர் தொண்டையைச் செருமினார்.

"நிர்வாகத்திலை பிழை எண்டும் கதைக்கினம்."

"ஓஓஓம்ம்ம்."

"அப்ப நான் விலகவேணும் எண்டு ஆரும் நினைச்சால்..."

"ஓஓஓம்ம்ம்!"

முதலில் சிரித்தது அவருடைய மனிசி. பிறகு மண்டபமே விழுந்து எழும்பியது. தலைவரும் பாவம், சிரித்துவிட்டு மைக்கைத் தந்தார். நிகழ்ச்சி முடிய அவர் வீட்டில்தான் சாப்பாடு. கோழிக் கறிச் சட்டியோடு வந்து, "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்று கேட்டார். எங்களில் ஒருத்தருக்கும் ஓம் சொல்லத் துணிவில்லை. பசியோடு படுத்தோம்.

இதை யாரோ வீடியோ எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். கல்கரியில் இருந்து கூடக் கூப்பிட்டு, ஓம் அண்ணையும் வாறாரோ என்று கேட்கிறார்கள். கீதன் கீபோட்டைத் தட்டிக்காட்டிச் சொல்கிறான், "பெட்டி அங்கிளுக்குப் பசியில்லை, குளிரில்லை, வழியிலை பாத்றூமுக்கு நிப்பாட்டவும் தேவையில்லை." நானும் பார்த்தேன், உண்மைதான். இனி நீங்கள் அஜின்கோர்ட்டிலேயே காலை நீட்டிக்கொண்டு கிடவுங்கோ, உங்களை வைத்துக்கொண்டே நீங்கள் இல்லாமல் சமாளிக்கிறோம்!

அடுத்தது எட்மன்ரன். விலாசம் பின்பக்கம்.

சிவபாதம்


அஜின்கோர்ட்
16 யூலை 2025

தம்பி சிவபாதம்,

வீடியோவை நிலாணி போனில் காட்டினாள். சனம் நன்றாகச் சிரித்தது. அதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது.

அந்தக் குரல் என்னுடையது. வெண்கலம் என்று எழுதியிருந்தீர். கேட்டேன், வெண்கலம்தான். அது ஊர் ஊராகப் போகிறது, கைதட்டு வாங்குகிறது. நான் இங்கே கழுத்தில் தழும்போடு யன்னலடியில் இருக்கிறேன். அதற்குப் பசியில்லை, அது பிந்தாது, அதற்கு வயது போகாது. கீதன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

கடைசியில் நீர் எழுதியது பகிடி என்று எனக்குத் தெரியும். பகிடியாகவே வாசித்தேன். திரும்பவும் வாசித்தேன். வாசிக்க வாசிக்கப் பகிடி குறைந்துகொண்டே போயிற்று.

ஆகவே நான் கோஷ்டியில் இருந்து விலகிக்கொள்கிறேன். இடம் நிரம்பிவிட்ட பிறகு அதற்குச் சொந்தம் கொண்டாடுவது அழகில்லை. மேடையில் நான் இருக்கும் பாயை றொய்சனிடம் கொடும். அவருக்கு இடுப்பு நோ.

உம்மில் கோபம் இல்லை.

மேலே உள்ள வசனம் சரியில்லை. கொஞ்சம் உண்டு.

இராஜரட்ணம்


எட்மன்ரன்
20 யூலை 2025

ரட்ணண்ணை,

பகிடி பிழைத்துவிட்டது. பிழைத்த பகிடியை விளங்கப்படுத்தினால் இன்னும் பிழைக்கும் என்று நீங்கள்தான் சொல்வீர்கள். அதனால் அதை விடுகிறேன். நேற்று நடந்ததைச் சொல்கிறேன். இதில் பகிடி இல்லை.

மேடைக்கு ஏறப் போகும் நேரம்தான் உங்கள் கடிதம் கையில் வந்தது. வாசித்து மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். சனம் நிறைய. விமான நிலையக் கதையில் பாதி தூரம் நல்லாகப் போனேன். அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்கிறான், நான் திறக்கிறேன். உள்ளே என்ன இருந்தது? எனக்கு வரவில்லை அண்ணை. எத்தனை நூறு தரம் சொன்ன கதை! கருவாடோ, பனங்கட்டியோ, ஒன்றும் வரவில்லை. வெள்ளைத் துணி மாதிரி நின்றது மண்டை.

கீதன் கட்டையை அமத்தினான். "ஓஓஓம்ம்ம்." சனம் சிரித்தது. நான் முழித்தேன். திரும்பவும் அமத்தினான். அதே ஓம். சனம் இன்னும் சிரித்தது, நான் நடிக்கிறேன் என்று நினைத்து. நான் தண்ணீருக்குள் போகிறேன், கரையில் நின்று எல்லாரும் கை தட்டுகிறார்கள். அப்படி இருந்தது. சிவானி சட்டென்று ஒரு பாட்டை எடுத்துவிட்டுக் காப்பாற்றினாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கீபோட்டுப் பெட்டியில் இருப்பது ஒரே ஒரு ஓம். நீங்கள் போடுவது ஒரு ஓம் இல்லை.

நீங்கள் இழுத்துப் போட்டால், சனம் இன்னும் சிரித்து முடியவில்லை, பொறு என்று அர்த்தம். வெட்டிப் போட்டால், அலுக்கிறது, ஓடு. மெல்லத் தூக்கிப் போட்டால், தம்பி ஒரு அடியை விட்டுவிட்டீர், திரும்பிப் போம். நான் நிற்கிற இடத்தில், "ஓம், பெட்டியைத் திறக்க..." என்று சொல்லி மற்ற நுனியை என் கையில் தருவீர்கள். இதை நாங்கள் ஒருநாளும் கதைத்து வைக்கவில்லை. நான் கெட்டிக்காரன், மேடையில் எனக்கு ஒன்றும் மறக்காது என்று ஊர் முழுக்கப் பீத்திக்கொண்டு திரிந்தேன். எனக்கு மறக்காமல் இருந்ததே உங்களால்தான்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. என் மனிசி ரதி செத்தபிறகு நாங்கள் செய்த முதல் நிகழ்ச்சி. நான் வாய் போன போக்கில் போகிறேன். அடுத்து மனிசிமாரைப் பற்றிய பகிடி வருகிறது. அது வருகிறதென்று எனக்கே தெரியாது, வாய் தன்பாட்டில் போகிறது. நீங்கள் "ஓம்! அதை விடும், அந்தப் பனிக் கதையைச் சொல்லும்" என்று ஒரு வெட்டு வெட்டினீர்கள். நான் பனிக்குள் போய்விட்டேன். சனத்துக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நேற்று எட்மன்ரன் மேடையில் வெறும் மண்டையோடு நிற்கும்போதுதான் தெரிந்தது, அன்றைக்கு என்னை எங்கிருந்து இழுத்து எடுத்தீர்கள் என்று.

இவ்வளவு காலமும் சனம் என்னைப் பார்த்துக் கைதட்டியது. நான் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. தேவையிருக்கவில்லை, காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

கடைசி நிகழ்ச்சி சறேயில், ஓகஸ்ட் 2. டொக்டர் சொன்ன றெஸ்ற் அதற்குள் முடிந்துவிடுமெல்லோ? விமானத்தில் ஏறி வாருங்கோ. பாயை றொய்சனுக்குக் கொடுக்கவில்லை. அவனுக்கு இடுப்பில் நோ இல்லை, வேலைக் கள்ளம்.

அடுத்த கிழமை கெலோனா. விலாசம் பின்பக்கம்.

சிவபாதம்


அஜின்கோர்ட்
23 யூலை 2025

தம்பி சிவபாதம்,

உமது கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. எழுதியதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ரதி இறந்த பிறகு வந்த அந்த நிகழ்ச்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உமக்குத் தெரியாமல் இருந்ததே நல்லது. தெரிய வேண்டும் என்று போட்ட ஓம் அல்ல அது.

நீர் உண்மை எழுதினீர். நானும் எழுத வேண்டும். மருத்துவர் பேச வேண்டாம் என்று சொன்னது முதற் கிழமைக்கு மட்டும்தான். அந்தக் கிழமை முடிந்ததும் நிலாணியைக் கூப்பிட வாயைத் திறந்தேன். குழாயில் தண்ணீர் வருவதற்கு முன் ஒரு காற்று வருமே, அது வந்தது. அவள் பக்கத்து அறையில்தான் இருந்தாள். கேட்கவில்லை. அதன்பிறகு நான் பேசவில்லை. போனையும் அவளிடம் கொடுத்துவிட்டேன். ஒப்பரேசனில் குரல் நரம்பு ஒன்று களைத்துப் போயிற்றாம். திரும்பி வரலாம், முழுதாக வராமலும் விடலாம் என்கிறார் ஸ்டெபனி. ஸ்டெபனியின் அறையில் மட்டும் வாயைத் திறக்கிறேன். ஒருநாள் காற்று, ஒருநாள் கிரீச்.

நீர் எழுதிய அத்தனை வகை ஓமுக்கும் ஒரு குரல் வேண்டும். என்னிடம் இப்போது அது இல்லை. பெட்டியிடம் இருக்கிறது.

நான் வந்து இருந்தால் சனம் சிரிக்கும். ஆனால் பாவம் பார்த்துச் சிரிக்கும். அந்தச் சிரிப்பின் முன்னால் இருக்க என்னால் ஏலாது. என்னை வரச்சொல்லிக் கேட்க வேண்டாம்.

இராஜரட்ணம்


கெலோனா
27 யூலை 2025

ரட்ணண்ணைக்கு,

கேட்கவில்லை. செய்தி மட்டும் சொல்கிறேன்.

கடைசிக் கறுப்புக் கட்டையில் கீதன் பிளாஸ்ரர் ஒட்டிவிட்டான். அவனாகவே ஒட்டினான். உங்கள் கடிதத்தை நான் அவனுக்கு வாசித்துக் காட்டவில்லை, ஆனால் என் முகத்தை அவன் வாசித்துவிட்டான். "அங்கிளைக் கேட்காமல் எடுத்தது பிழைதான்" என்றான். சிவானி இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை. நான் என்ன எழுதினேன் என்று கேட்டாள், சொன்னேன், அதிலிருந்து கதைக்கவில்லை.

இது செரிப்பழக் காலம். இங்கே தோட்டங்களில் வேலை செய்கிற எங்கள் குடும்பங்கள் வாளியோடு பழம் கொண்டு வந்து தந்தார்கள். சின்னக் கூட்டம். உங்கள் பாயை உங்கள் இடத்தில் விரித்தோம். ஒருத்தரும் இருக்கவில்லை. ஓம் வரவேண்டிய இடமெல்லாம் நான் நிறுத்திவிட்டுப் பாயைப் பார்த்தேன். சனமும் பாயைப் பார்த்தது. முன்னுக்கு இருந்த ஒரு மனிசன் கடைசியில் பொறுக்க முடியாமல், "தம்பி, ஆள் எப்ப வருவார்?" என்று கேட்டார். "பாத்றூமுக்குப் போட்டார்" என்றேன். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காற்றும் கிரீச்சும்தான் வருகிறது என்று எழுதினீர்கள். மைக் என்று ஒரு சாமான் இருக்கிறது. அது பெரிய குரலுக்குக் கண்டுபிடித்ததோ? பெரிய குரல் உள்ள எனக்கேன் மைக், கதவைத் திறந்துவிட்டாலே போதும், தெருவுக்கே கேட்கும்.

பாவம் பார்ப்பார்கள் என்றும் எழுதினீர்கள். பாவம் பார்க்கும் சனத்தை வேறு பக்கம் திருப்புகிற வேலை என்னுடையது. பதினெட்டு வருசத்தில் அதிலாவது என்னை நம்பலாம்.

சறேயில் எங்களைத் தங்க வைக்கிறவர் பொன்னம்பலம் என்று ஒருத்தர். வெள்ளிக்கிழமை பின்னேரம் விமான நிலையத்துக்குப் போவாராம். ரொறன்ரோவில் இருந்து ஆள் வந்தால் ஏற்றிக்கொண்டு வருவார். வராவிட்டால் விமானம் பார்த்துவிட்டு வருவார். அவருக்கு விமானம் பார்க்க நல்ல விருப்பமாம். ஆகவே யாருக்கும் கரைச்சல் இல்லை.

சிவபாதம்


மெடிசின் ஹற்
4 ஓகஸ்ட் 2025

அன்புள்ள ரட்ணண்ணைக்கு,

இந்த ஊரின் பெயர் மருந்துத் தொப்பியாம். பெயர் வைத்தவன் எங்கள் கோஷ்டியில் இருந்திருக்க வேண்டியவன்.

கேட்காமலே சறேக்கு வந்துவிட்டீர்கள். சனிக்கிழமை நிகழ்ச்சி முடிய வீடு நிறையச் சனம், அடுத்த நாள் காலமை உங்களுக்கு விமானம். ஒரு சொல் கதைக்க விட்டார்களோ! பொன்னம்பலம் அண்ணை வேறு, விமான நிலையத்துக்கு மூன்று மணித்தியாலம் முந்திக் கொண்டுபோய் விட்டுவிட்டார். உங்களுக்காக என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். விமானம் பார்க்கத்தான்.

மேடையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்தில் இருந்து நடந்தது தெரியாது. அதை எழுதுகிறேன்.

"நான் எல்லாத்தையும் விட்டவன்" என்றேன். உங்கள் பக்கத்தில் இருந்து காற்று வந்தது. வெறும் காற்று. மைக்குக்கும் அது பிடிபடவில்லை. ஆனால் எனக்கு அது எந்த ஓம் என்று கேட்டது அண்ணை. பொறு, ஓடாதே என்கிற ஓம். பொறுத்தேன். "சீனியை விட்டன்" என்றேன். இந்த முறை கிரீச் என்று ஒன்று. முன் வரிசையில் ஒரு அம்மாவின் முகம், ஐயோ பாவம் என்று சுருங்கத் தொடங்கியதை நான் கண்டேன். இனி ஒரு விநாடி விட்டால் நீங்கள் பயந்தது நடந்துவிடும். வேறு ஒன்றும் தெரியாமல், என் வாய் அறிந்த ஒரே வேலையைச் செய்தது.

"அண்ணை, உது ஓமோ, கதவோ?"

கேட்ட பிறகு உங்கள் பாயையே பார்த்தேன். திரும்பவும் ஒரு பகிடி பிழைத்துவிட்டதோ, இந்த மனிசன் இப்போது எழும்பிப் போய்விடுவாரோ என்று.

"இல்லை" என்றீர்கள்.

எங்கிருந்து வந்தது அது? கோபத்தில் வந்ததோ? சின்னக் குரல், ஆனால் சீவின பென்சில் மாதிரி ஒரு கூர். பதினெட்டு வருசமாக எதற்கும் ஓம் போட்டே தொடங்கின மனிசன் மேடையில் "இல்லை" என்றார். எங்கள் ஓமுக்குப் பழக்கப்பட்ட சனம் ஒரு கணம் வாயைப் பிளந்தது, பிறகு வெடித்தது. நான் வில்லடிக்கும் கோலை விழுத்திவிட்டேன். அது நடிப்பில்லை.

பிறகு நான் என்ன செய்ய? "சீனியை விட்டன்" என்று திரும்பவும் சொன்னேன். "இல்லை" என்றீர்கள். "சோத்தை விட்டன்." "இல்லை." "புட்டை..." சொல்லி முடிக்க முதலே "இல்லை." என்னுடைய தலைசிறந்த கதையை நடுச் சந்தியில் வைத்து உரித்தீர்கள்! சனம் என்னைத்தான் பாவம் பார்த்தது. கடைசியில் எனக்குப் போக இடமில்லாமல், "அப்ப என்ன அண்ணை, நான் பொய்யனோ?" என்று கேட்டேன்.

"ஓம்."

மெல்லிய, உடைந்த ஓம். அவ்வளவு பெரிய மண்டபத்தில் கடைசிக் கதிரை வரைக்கும் கேட்டது. ஏனென்றால் அதைக் கேட்கச் சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. வெண்கலக் குரலில் நீங்கள் போட்ட ஒரு ஓமுக்கும் அப்படிக் கைதட்டு நான் கேட்டதில்லை.

ஒவ்வொரு நிகழ்ச்சி முடிவிலும் சங்கத்துக்கு நன்றி, மண்டபத்துக்கு நன்றி, கொத்துரொட்டி தந்த கடைக்கு நன்றி என்று சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். நன்றி அண்ணை. கடிதத்தில் இருப்பதால் நீங்கள் வெட்டி ஓம் போட்டு என்னை வேறு கதைக்குத் திருப்ப முடியாது.

மூன்று கேள்வி கேட்கிறேன்.

கோஷ்டியை விட்டு விலகுகிற எண்ணம் இன்னும் இருக்கோ?

கீபோட்டில் இருக்கிற பழைய ஓமைக் கீதன் அழிக்கட்டோ? இந்த முறை உங்களைக் கேட்டுத்தான் செய்வானாம்.

அஜக்ஸில் பொங்கல் விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வருவீர்களோ?

போகிற வழியில் வின்னிபெக்காரர் தங்கள் ஒன்றுகூடலுக்கு மறுபடி நிற்கச் சொல்லிவிட்டார்கள். பழைய விலாசத்துக்கே எழுதவும்.

உங்கள் இடது பக்கம் இருக்கிற
பொய்யன்


அஜின்கோர்ட்
7 ஓகஸ்ட் 2025

தம்பி சிவபாதத்துக்கு,

ஸ்டெபனியிடம் போய் வந்தேன். மேடையில் முதலில் வெளிவந்த சொல் எது என்று கேட்டார். "நோ" என்றேன். எழுதிக் காட்டவில்லை, வாயால் சொன்னேன். கை தட்டினார். ஓம் என்றால் இல்லை என்று அர்த்தமோ என்று பிறகு கேட்டார். அடுத்த முறை விளக்குவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கதவோ என்று நீர் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. அந்தக் கோபத்தில்தான் குரல் வந்தது. பல கிழமையாக எல்லாரும் என்னோடு மெல்லக் கதைத்தார்கள். கதவோ என்று கேட்க ஒருவரும் இருக்கவில்லை. அதற்கு நான் உமக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன்.

உமது நன்றியும் கிடைத்தது. மணம் நிறைந்தது. இது எழுத்துப் பிழை அல்ல. நிலாணி குசினியில் கோழி பொரிக்கிறாள். நேற்றுப் பக்கத்து அறையில் இருந்து அவளைக் கூப்பிட்டேன். "என்ன அப்பா?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

உமது கேள்விகள்.

முதலாவதுக்கு, இல்லை.

இரண்டாவதுக்கும் இல்லை. அழிக்க வேண்டாம் என்று கீதனிடம் சொல்லும். அது நல்ல குரல், எனக்கும் அதைக் கேட்க விருப்பம். வின்னிபெக் அம்மாமாரும் நமசிவாய சொல்லக் காத்திருப்பார்கள், அவர்களை ஏமாற்ற வேண்டாம். பிளாஸ்ரரைக் கழற்றலாம்.

மூன்றாவதுக்கு, ஓம்.

எந்த ஓம் என்று எழுதத் தேவையில்லை.

உமது வலது பக்கம் இருக்கிற
இராஜரட்ணம்